ஆயில்ல தண்ணி இல்லை

தம்பி: அத்தான், அந்த அட்டையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க. முதுகுல கல்லு குத்துது.

அத்தான்: நான்தான் வேண்டாம் வேண்டாம்னு சொல்றேனே மாப்ள. ஞாயித்துக்கிழமை அதுவுமா, வீட்டுல நிம்மதியா படுக்காம...

தம்பி: படுத்துதானே இருக்கேன். என்ன, வண்டிக்கு அடியில.

அத்தான்: விளையாடாதே. வண்டி நல்லாத்தானே ஓடுது. சத்தம் இல்லை, இழுவை குறையலை. நேத்துகூட மரக்கடையில பன்னெண்டு கதவு ஏத்திட்டு மேடேறிப் போனேன்.

தம்பி: ஓடும். ஆறு மாசம் ஓடும். அப்புறம் ஒரு நாள் பின்பக்கம் ஊளையிட ஆரம்பிக்கும். கழட்டிப் பார்த்தா கியர் பல்லெல்லாம் துரு. வெள்ளத்துல இறங்கின வண்டிக்கு மூணு நாள்ல ஆயில் மாத்தணும். நாம மூணு வாரம் விட்டுட்டோம்.

அத்தான்: எல்லா வண்டிக்கும் உள்ளே தண்ணி போயிடுமா என்ன...

தம்பி: ஹெட்லைட் வரைக்கும் தண்ணின்னு அக்கா சொல்லுச்சே.

அத்தான்: உங்க அக்கா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவா.

தம்பி: நீங்க சொன்னதைத்தானே சொல்லும். இங்கே பாருங்க. நடுவுல குண்டா உருண்டையா இருக்கே, இதுதான் பின் டிஃபரன்ஷியல், சக்கரத்தைச் சுத்த வைக்கற பல்லெல்லாம் இதுக்குள்ளதான். ஓடின வண்டியில இது நல்லா சூடா இருக்கும். சூட்டோட சில்லுன்னு தண்ணியில இறங்கினா உள்ளே காத்து சுருங்கும். சுருங்கினா வெளியில இருந்து எதையாவது உறிஞ்சும். மேல ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கு பாருங்க, அது வழியா தண்ணியை இழுத்துக்கும். அப்புறம் ஆயில் கறுப்பா இருக்காது. பால் விட்ட காபி மாதிரி வரும்.

அத்தான்: அப்படி வந்தாத்தான் தண்ணி போயிருக்குன்னு அர்த்தமா?

தம்பி: ஆமா.

அத்தான்: வரலைன்னா?

தம்பி: வராம எங்கே போகும். அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைக் கொடுங்க. அது இல்லை அத்தான், அது பத்தொன்பது.

அத்தான்: புது வாஷர் வேணும்பியே. அது இல்லாமப் போட்டா ஒழுகும்ல? இன்னொரு நாள் வாங்கி வெச்சுட்டு...

தம்பி: வாங்கிட்டு வந்துட்டேன். என் பையில ஒரு பொட்டலம் இருக்கும் பாருங்க.

அத்தான்: ஆயில்?

தம்பி: அதுவும். பின்னாடிக்கு, முன்னாடிக்கு, நடுவுல முன் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சுக் கொடுக்கற டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு. மூணுக்கும் என் செலவு. பேசக் கூடாது.

அத்தான்: உனக்கு ஏன் இந்த வேலை...

தம்பி: என் மனசுக்குத் தோணுது, செய்றேன். நகருங்க, மேல் போல்ட்டைக் கழட்டப் போறேன்.

அத்தான்: வடிக்கணும்னா கீழே உள்ளதைத்தானே கழட்டணும்?

தம்பி: அங்கேதான் எல்லாரும் ஏமாறுறது. கீழே திறந்து வடிச்சிடுவாங்க. அப்புறம் பார்த்தா ஊத்துற போல்ட்டு துருப் பிடிச்சு நகராது. வண்டி வெறும் வயித்தோட நின்ன இடத்துலயே நிக்கும். அதனால ஊத்துற வழி திறக்குதான்னு முதல்ல பார்த்துக்கணும்.

அத்தான்: அப்போ மேலது திறக்கலைன்னா விட்டுடலாம்.

தம்பி: என்ன, திறக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிற மாதிரி இருக்கு.

அத்தான்: சேச்சே...

தம்பி: அந்த பைப்பை ஸ்பேனர் வால்ல சொருகிக் கொடுங்க. ஆங்... இறுகித்தான் கிடக்கு... வந்துடுச்சு.

அக்கா: ரெண்டு பேரும் டீயைக் குடிச்சுட்டு அப்புறம் உருளுங்க. என்னடா இது நாத்தம், அழுகின முட்டை மாதிரி?

தம்பி: கியர் ஆயில் வாசனைக்கா. அத்தான் மேல இன்னும் ரெண்டு நாளைக்கு வீசும்.

அக்கா: வீசட்டும். அன்னிக்கு வெள்ளத்துல பாதிப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி இவர் வந்து நின்ன கோலத்தை நீ பார்க்கலையே. இடுப்பு வரைக்கும் சேறு. பல்லு கிடுகிடுன்னு அடிச்சுக்குது. வாசப்படியில உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழறார். எங்க மாமியார் செத்தப்போகூட இவர் கண்ணுல ஒரு சொட்டு வரலை.

அத்தான்: உள்ளே போம்மா நீ. உங்கப்பா தனியா இருப்பார்.

அக்கா: நல்லதைச் சொன்னா உடனே விரட்டுவார். எதிர் வீட்டு டீச்சர்கூட கேட்டாங்க, சொந்தப் புள்ளையே இறங்க யோசிப்பான், மாமனாருக்காக யாரு இப்படி வெள்ளத்துல வண்டியை விடுவாங்கன்னு.

தம்பி: அக்கா, டீயில சர்க்கரை போட்டியா?

அக்கா: உன்னைச் சொல்லலைடா. நீ மட்டும் குறைச்சலா? அப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு அந்தக் கொட்டுற மழையில ரெண்டு மணி நேரம் ஆத்துக்கு அக்கரையில நின்னியே. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எனக்கு வாய்ச்ச தம்பியும் சரி, புருஷனும் சரின்னு.

தம்பி: எல்லார்கிட்டயும் ஏன்க்கா சொல்றே...

அக்கா: சொன்னா என்ன? சரி, எழுந்து வந்து அப்பாவை ஒரு தடவை பாரு. உன் குரல் கேட்டதுல இருந்து இடது கையை ஆட்டிட்டே இருக்கார். வேற யார் வந்தாலும் இப்படி இல்லை. உன்கிட்ட என்னவோ சொல்ல வர்றார், பாவம், வாய்தான் ஒத்துழைக்கலை.

தம்பி: கையெல்லாம் அழுக்கா இருக்கு. முடிச்சுட்டு வரேன்.

அக்கா: போன வாரமும் இதைத்தான் சொல்லிட்டு அப்படியே போயிட்டே. டம்ளரைத் தட்டி விட்டுடாதீங்க.

அத்தான்: ...போயிட்டாளா?

தம்பி: போயிடுச்சு.

அத்தான்: பேச ஆரம்பிச்சா நிறுத்தறதே இல்லை.

தம்பி: அந்த பிளாஸ்டிக் பேசினைக் கீழே வைங்க. கொஞ்சம் இந்தப் பக்கம்... வடியப் போகுது.

அத்தான்: மாப்ள, ஒரு நிமிஷம்...

தம்பி: திறந்தாச்சு அத்தான். பாருங்க... அட.

அத்தான்: என்ன?

தம்பி: சுத்தமா இருக்கு.

அத்தான்: கறுப்பாத்தானே இருக்கு.

தம்பி: கறுப்பாத்தான் இருக்கணும். ஓடின ஆயில் இப்படித்தான் இருக்கும். விரல்ல தேய்ச்சுப் பாருங்க, பிசுக்குன்னு ஒட்டுது. ஒரு பொட்டு தண்ணிகூட இல்லை. காந்தத்துல கொஞ்சம் இரும்புத்தூள், அது எல்லா வண்டியிலயும் இருக்கறதுதான்.

அத்தான்: சீல் நல்ல சீலா இருந்திருக்கும். கம்பெனிக்காரன் போட்டது.

தம்பி: இருக்கலாம். உங்க அதிர்ஷ்டம்.

அத்தான்: அப்புறம் என்ன. பின்னாடியே போகலைன்னா முன்னாடி மட்டும் எப்படிப் போகும். இதோட மூடிடு, போதும்.

தம்பி: தண்ணியை முதல்ல கிழிக்கறது முன்பக்கம்தானே. ஸ்பேனரைக் கொடுங்க.

அத்தான்: உன் பிடிவாதம் இருக்கே...

தம்பி: ம்... இதுவும் சுத்தம்.

அத்தான்: பார்த்தியா. சொன்னேன்ல.

தம்பி: ஹெட்லைட் வரைக்கும் தண்ணி. முன்பக்கம் இவ்வளவு கீழே தொங்குது. உள்ளே ஒரு துளி இல்லை. பதினெட்டு வருஷமா வண்டிக்கு அடியில கிடக்கறேன் அத்தான், இப்படி ஒண்ணு பார்த்ததில்லை.

அத்தான்: எனக்கு இதெல்லாம் என்ன தெரியும். நான் ஓட்டறவன்.

தம்பி: நாலு வீல் லீவரைப் போட்டுட்டுத்தானே இறங்கினீங்க?

அத்தான்: ...போட்டேன்னுதான் நினைக்கிறேன். அந்த நேரத்துல எதைக் கண்டேன்.

தம்பி: சரி, நடுவுல டிரான்ஸ்ஃபர் கேஸையும் பார்த்துடறேன். டார்ச்சைப் பிடிங்க. இன்னும் மேல... கியர்பாக்ஸுக்குப் பின்னாடி. அங்கே என்ன அது, மண்ணு மாதிரி?

அத்தான்: சேறாயிருக்கும். அன்னிக்கு ஒட்டினது.

தம்பி: சேறு இல்லை...

அத்தான்: என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்? பூச்சி ஏதாவது கடிச்சுடுச்சா?

தம்பி: குளவிக் கூடு.

அத்தான்: எடுத்துப் போடு.

தம்பி: காலிக் கூடு அத்தான். மண்ணால கட்டினது. குஞ்செல்லாம் எப்பவோ பறந்து போய் ஓட்டை ஓட்டையா காஞ்சு கிடக்கு. ரெண்டு மூணு மாசமாவது ஆகியிருக்கும். விரலை ஈரம் பண்ணித் தொட்டேன், மாவு மாதிரி கரையுது.

அத்தான்: அதுக்கென்ன இப்போ?

தம்பி: இதே உயரத்துல கதவோட அடிப்பாகம் இருக்கு. ஹெட்லைட் இதைவிட மேல. கேக்குதா அத்தான்?

அத்தான்: கேக்குது.

தம்பி: வெளியில வந்துடறேன், கையைக் கொடுங்க. இந்த வண்டி அன்னிக்குத் தண்ணியில எவ்வளவு தூரம் இறங்குச்சு?

அத்தான்: என்னை ஏன்டா கேக்கறே. உனக்குத் தெரியாததா.

தம்பி: எனக்கா?

அத்தான்: என் வாயால வரணும்னு நினைக்கறே. நியாயம்தான். நீ இந்த ஆயிலைத் தூக்கிட்டு வந்தப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். மூணு வாரம் பொறுத்துப் பார்த்துட்டு, இவனா சொல்ல மாட்டான், வண்டியைத் திறந்து காட்டித்தான் கேக்கணும்னு வந்திருக்கே.

தம்பி: அப்படியெல்லாம் இல்லை, நான்...

அத்தான்: இரு, சொல்லிடறேன். இப்ப விட்டா அப்புறம் எனக்கு வாய் வராது. நீ போன் பண்ணினப்போ சாயங்காலம் அஞ்சரை மணி. மாமாவுக்கு வாய் கோணிக்கிச்சு, கை விழுந்துடுச்சு, நான் தூக்கிட்டுக் கரைக்கு வந்துடறேன், நீங்க தரைப்பாலத்து மேல வண்டியை ஓட்டி இந்தப் பக்கம் வந்து ஏத்திக்குங்கன்னே. சட்டைகூட மாத்தலை, கிளம்பிட்டேன். ஆறு மணி தாண்டி அஞ்சோ பத்தோ நிமிஷம், பாலத்துக்கிட்ட போயிட்டேன்.

தம்பி: போனீங்களா...

அத்தான்: போனேன். பாலத்து மேல தண்ணி ஓடுது. அளவுக்கல்லுல ஒண்ணரை அடிதான் காட்டுச்சு. முழங்கால் அளவு. இந்த வண்டிக்கு அது ஒரு தண்ணியே இல்லை மாப்ள. நாலு வீலும் இழுக்கும்னுதானே தேடித் தேடி இதை வாங்கினேன். லீவர்ல கையை வெச்சேன். அப்போ ஒரு மாட்டுக் கொட்டகைக் கூரை முழுசா மிதந்து வந்துச்சு. பாலத்து ஓரக் கல்லுல மோதி என் கண்ணு முன்னாடியே சில்லுச் சில்லா போச்சு. அவ்வளவுதான். காலு பிரேக்கை விட்டு வரவே மாட்டேங்குது.

தம்பி: சரி, பயம் யாருக்கும்...

அத்தான்: பயத்தோட நின்னிருந்தா பரவாயில்லை. அடுத்து ஒண்ணு பண்ணினேன் பாரு, அதைத்தான் யார்கிட்டயும் சொல்ல முடியலை. அக்கரையில நீ மாமாவோட நிப்பே, என் வண்டி வெளிச்சம் எப்போ வரும்னு பார்த்துட்டு இருப்பேன்னு நினைச்சேன். நினைச்சதும் லைட்டை அணைச்சுட்டேன். நான் வந்ததே உனக்குத் தெரியக் கூடாதுன்னு. இருட்டுல அப்படியே பின்னாடி எடுத்துத் திருப்பிட்டு வந்துட்டேன்.

தம்பி: அப்போ இடுப்பு வரைக்கும் சேறு...

அத்தான்: செங்கல் சூளைக்குப் பின்னாடி ஒரு குட்டை இருக்குல்ல. அதுல இறங்கி உக்காந்தேன். பக்கெட்டுல மொண்டு கதவுல, ஹெட்லைட்ல ஊத்தினேன். நாப்பத்தேழு வயசு ஆம்பளை, மழையில நின்னு தன் வண்டிக்குத் தானே சேறு பூசறேன். வாசப்படியில அழுதேன்னு சொல்றாளே... அது ஒண்ணுதான் அன்னிக்கு நிஜம். தண்ணி வடிஞ்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும், மூணு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்திருந்தா பேச்சு போயிருக்காதுன்னு டாக்டர் சொன்னப்போ நீயும்தான் பக்கத்துல நின்னே. என்னைப் பார்ப்பியோன்னு பயந்தேன். நீ தரையைப் பார்த்தே. ஏன்டா ஒரு வார்த்தை திட்டலை?

தம்பி: நான் எப்படி அத்தான் திட்டறது...

அத்தான்: இப்பவாவது திட்டு. கையில ஸ்பேனர் இருக்கு, ரெண்டு போடு. வாங்கிக்கறேன்.

தம்பி: முதல்ல ஆயில் ஊத்தணும். ரெண்டும் காலியா கிடக்கு. கீழ் போல்ட்டைப் போட்டுட்டேன், நீங்க பம்பை அடிங்க. மேல் ஓட்டையில வழிஞ்சா சொல்றேன்.

அத்தான்: இந்த நேரத்துல ஆயில்...

தம்பி: அடிங்க அத்தான். எனக்குக் கையில ஏதாவது வேலை இருக்கணும்.

அத்தான்: அடிக்கறேன்... இன்னமும் ஒண்ணு எனக்குப் புரியலை மாப்ள. அன்னிக்கு வெளிச்சமே வரலை. லைட்டை அணைச்சவனே நான்தான். நீயோ மாமாவைச் சுமந்துட்டு அந்த மழையில என்னை எதிர்பார்த்து நின்னே. அடுத்த நாள் உங்க அக்கா கேட்டதுக்கு, அத்தான் வண்டி பாதிப் பாலம் வரைக்கும் வந்துச்சு, வெளிச்சத்தை நான் பார்த்தேன்னு சொல்லியிருக்கே. அவ வந்து அதை என்கிட்ட சொன்னப்போ எனக்குத் தலையே நிமிரலை. என் மானத்தைக் காப்பாத்தறதுக்காக இவன் பொய் சொல்றான், இவனுக்கு நான் என்ன செஞ்சிருக்கேன்னு...

தம்பி: வழியுது. நிறுத்துங்க.

அத்தான்: கல்யாணமான புதுசுல உனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தரேன்னு சொல்லிட்டு அதைக்கூட வாங்கித் தரலை.

தம்பி: அதெல்லாம் ஏன் இப்போ... அத்தான், எங்கே எழுந்திருக்கறீங்க? முன்னாடி இன்னும் ஊத்தலை.

அத்தான்: உள்ளே போய் அவகிட்ட சொல்லிடறேன். மாமா முன்னாடியே சொல்றேன்.

தம்பி: வேண்டாம்.

அத்தான்: சொல்லணும்டா. அவ தெருத்தெருவா என் பெருமையைச் சொல்லிட்டுத் திரியறா. ஒவ்வொரு வீட்டு வாசலையும் நான் தலையைக் குனிஞ்சுட்டுத் தாண்டறேன். இன்னும் எத்தனை நாளைக்கு?

தம்பி: சொல்லாதீங்க அத்தான். சொன்னா எல்லாம் வெளியில வரும்.

அத்தான்: வரட்டும். எனக்காகப் பார்க்காதே. நீ பார்த்தது போதும். ஏம்மா... கொஞ்சம் இங்கே வர்றியா?

அக்கா: அப்பாவுக்குத் தண்ணி கொடுத்துட்டு இருக்கேன். என்ன அவசரம்?

தம்பி: ஒண்ணும் இல்லைக்கா, நீ இரு...

அத்தான்: நீ வா. உடனே வரணும்.

அக்கா: வந்துட்டேன். என்ன? ஏன் ரெண்டு பேர் முகமும் இப்படி இருக்கு? வண்டி கெட்டுப் போச்சா?

அத்தான்: வண்டிக்கு ஒண்ணும் இல்லை. ஆயில்ல தண்ணியே இல்லை. அன்னிக்கு நான் தண்ணியில இறங்கவே இல்லைம்மா. பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்னு, பயந்துபோய்த் திரும்பி வந்துட்டேன். சேறு நானா பூசிக்கிட்டது.

அக்கா: என்ன சொல்றீங்க? விளையாடறதுக்கு வேற விஷயம் கிடைக்கலையா?

அத்தான்: விளையாட்டு இல்லை.

அக்கா: பொய். தம்பிதான் பார்த்தானே. பாதிப் பாலம் வரைக்கும் உங்க வண்டி வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன்னு அவன்தானே சொன்னான். டேய், நீ சொல்லுடா இவர்கிட்ட.

அத்தான்: அவன் எனக்காகச் சொன்னது அது. நான் லைட்டை அணைச்சுட்டேன், அவன் எதையும் பார்த்திருக்க முடியாது. என்னைக் காட்டிக் கொடுக்க மனசு இல்லாம சொல்லியிருக்கான். அவனை ஒண்ணும் கேக்காதே. இந்த வீட்டுல தப்புப் பண்ணாதவன் அவன் ஒருத்தன்தான்.

அக்கா: நீங்க சும்மா இருங்க. தம்பி, என்னைப் பாரு. வெளிச்சமே வரலைன்னா, ரெண்டு மணி நேரம் கரையில நின்னு நீ என்னத்தைடா பார்த்தே?

தம்பி: நான் கரைக்கே வரலைக்கா. அத்தான் பாதி வரைக்கும் வந்தாராமே, பார்த்தியான்னு நீ போன்ல கேட்டே... பார்த்தேன்னு சொல்லிட்டேன். அவர் நிஜமாவே வந்து, காலியா கிடந்த கரையைப் பார்த்துட்டு, என்னை உன்கிட்ட காட்டிக் கொடுக்காம இருக்கார்னுதான் மூணு வாரமா நினைச்சேன். அதுக்காகத்தான் இந்த ஆயில். நான் அப்பாவைத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தேன். மழையைப் பார்த்தேன். இந்த மழையில அத்தான் எங்கே வரப் போறார்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, அவரைத் திரும்பக் கட்டில்லயே போட்டுட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டேன்.